ஏழடி ராம்ப்பும் நாலு எலுமிச்சம்பழமும்

“மேடம், உங்க ராம்ப்போட வாலு என்ற பார்க்கிங்ல மூணடி நீட்டிட்டு இருக்குதுங்க. அஞ்சு மணிக்குள்ள எடுக்கலீன்னா, இனிமே இந்த பில்டிங்ல யாரும் அவங்க வண்டியை இங்கயே வெச்சு ரிப்பேர் பார்க்கக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போட்டுருவேனுங்க.”

சொன்னவர் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் கோதண்டபாணி. ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்வது என் வழக்கமும் இல்லை.

அப்போது மணி நாலரை. கீழ்த்தள பார்க்கிங்கில் பாதிக் குடியிருப்பு கூடிவிட்டது. அடியில் புகுந்து வேலை பார்க்க வண்டியை ஏற்றி நிறுத்துகிற சரிவுப் பலகை ஜோடிதான் ராம்ப்; என் கார் அதன் மேல் இருந்தது. நான் அதற்கு முன்னால், யாரும் கிட்டே வந்து குனிந்து பார்க்காதபடி, புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சார், முதல்ல என் வண்டி எவ்வளவு தாழ்வுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க. கோலத்து மேல போனா கோலம் அப்படியே வண்டியோட வயித்துல ஒட்டிக்கிட்டு வந்துடும். அவிநாசி ரோட்ல ஒரு நாள் எறும்புச் சாரை குறுக்கே வந்துச்சு. ஒவ்வொரு எறும்பும் தலையைக் குனிஞ்சுதான் அடியில போச்சு.”

“எறும்பு குனிஞ்சது உனக்கு எப்படித் தெரிஞ்சது சுகந்தி?” என்றார் மூன்றாம் மாடி நூர்ஜஹான் அக்கா.

“கண்ணாடி போட்டிருந்தேன்க்கா. நடுவுல பேசாதீங்க.”

இப்படிப்பட்ட வண்டிக்கு ராம்ப் வாங்குவது கத்தரிக்காய் பொறுக்குகிற வேலை இல்லை. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது மூணடி நீளக் குட்டை ராம்ப். அதில் ஏற்றினால் சக்கரம் தொடுவதற்கு முன்பே பம்பர் போய் முட்டும். நான் கைப்பையிலிருந்து கோணமானியை எடுத்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர் எமரன்சியா முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த கணக்கு, சாகிற வரை மறக்காது. “ரெண்டு டன் தாங்கும் மேடம்” என்றார் கடைக்காரர். “ஒத்தைக்கா, ஜோடிக்கா?” என்றேன். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லையாம். மனுஷன் எழுந்து நின்று, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்று சாயங்காலம் வரை அந்தக் கடையில் நான்தான் வியாபாரம் பார்த்தேன்.

“இது ரெண்டாவது ஜோடிதான் சார். முதல்ல நான் செய்யச் சொன்னது இதைவிடச் சாய்வு கம்மி. தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம அரை மணி நேரம் யோசிக்கும். அடி நம்ம வடவள்ளியில, நுனி மருதமலை உச்சியில. இட்லி சாப்பிட்டுட்டு வண்டியை ஏத்தினேன், பாதி தூரத்துல காது அடைச்சுடுச்சு. பின்னாடி பார்த்தா ஒரு டவுன் பஸ், ரோடுன்னு நினைச்சு ஆளோட வந்துக்கிட்டிருக்கு!”

“அந்த ராம்ப் இப்ப எங்கீங்க மேடம்?”

“ஹைவேஸ்காரங்க கெஞ்சிக் கேட்டாங்க, குடுத்துட்டேன். எங்கேயோ மேம்பாலமா நிக்குது.”

யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

“இந்த ஏழடி ஜோடி மட்டும் லேசுப்பட்டதா? போன வாரம் இதுல ஏத்தித்தான் ஆயில் மாத்தினேன். அவ்வளவு உயரம். வடிய விட்டுட்டு மேல போய் காபி போட்டு, குடிச்சு, டம்ளரையும் கழுவிட்டு வந்தேன், ஆயில் அப்பத்தான் சட்டியை நெருங்கிக்கிட்டிருந்தது. பானெட் மேல கழுகு ஒண்ணு உட்கார்ந்து மூச்சு வாங்கிச்சு.”

“போன வாரமா? ராம்ப் நேத்துதானே வந்துச்சு. லாரிக்காரன் என்கிட்டதானே கையெழுத்து வாங்கினான்?” நூர்ஜஹான் அக்காவுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

பதிலை நான் யோசிப்பதற்குள் செயலாளர் மனைவி சரோஜினி முந்திக்கொண்டாள். “ஆமாங்கக்கா, புது ராம்ப்புங்க. இன்னிக்குக் காலையிலதான் பூஜை போட்டோம். சந்தனம், குங்குமம் எல்லாம் நான்தான் வெச்சேன். எலுமிச்சம்பழமும்.”

“எலுமிச்சம்பழத்தை எங்க வெச்ச?” என்றார் கோதண்டபாணி.

“வண்டின்னா சக்கரத்துக்கு அடியில வெக்கிறோம். ராம்ப்புக்குச் சக்கரம் இல்லீங்களே. அதனால ராம்ப்புக்கே அடியில வெச்சேன். ஆளுக்கு ரெண்டு, மொத்தம் நாலு.”

கோதண்டபாணி என் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். எல்லோரும் குனிந்தார்கள், அந்த எறும்புகளைப் போலவே.

வழவழப்பான டைல்ஸில் நாலு பழமும் நசுங்கி, கொட்டை வெளியே வந்து கிடந்தது. ஒரு பக்க ராம்ப் அந்தச் சாற்றில் வழுக்கி அவர் பார்க்கிங் வரை போயிருந்தது. சக்கரம் உச்சியைத் தாண்டி அந்தரத்தில் தொங்க, வண்டியின் வயிறு ராம்ப்பின் முதுகில் உட்கார்ந்திருந்தது. காலை பத்தரையிலிருந்து அப்படித்தான் இருக்கிறது.

“தொங்குதேன்னு நினைக்காதீங்க. நான்தான் தொங்க விட்டிருக்கேன். சக்கரத்துக்கும் காத்து வேணும்.”

“ஜாக்கி போட்டுத் தூக்கலாமுங்களே?” என்றார் கோதண்டபாணி.

“ராம்ப் இருக்கிற வீட்டுல ஜாக்கி எதுக்குன்னு பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.”

மணி நாலு ஐம்பத்திரண்டு. தீர்மானம் எழுதுகிற நோட்டு கோதண்டபாணியின் கக்கத்தில் தயாராக இருந்தது. நான் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். “ஆறு பேர் முன்பக்கம் பிடிச்சு ஒரு சாண் தூக்கினாப் போதும். ராம்ப்பை நானே உருவிடுவேன்.”

“கழுகே மூச்சு வாங்குற உயரம். எங்களுக்கு எட்டாதும்மா,” என்று சொல்லிவிட்டு நூர்ஜஹான் அக்கா லிஃப்ட்டை நோக்கி நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும். சரோஜினி மட்டும் திரும்பிப் பார்த்தாள், எலுமிச்சம்பழங்களை.

“சரி, கழுகு பொய். பஸ்ஸும் பொய். எறும்பு மட்டும் சத்தியம். இப்பவாவது யாராவது ஒரு கை பிடிங்களேன்?”