நீரோட்டம் சுழியான கதை

அந்தக் காலத்தில், மீனும் பாசியும் நீரோட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, கடலில் சுழி என்று ஒன்று கிடையாது. நீரோட்டம் நேராக ஓடுவாள், ஓடிக்கொண்டே இருப்பாள்.

கடலின் மேல்பகுதியான மேற்கடலில் ஒரு வழக்கம் இருந்தது. யார் செத்தாலும் தொடக் கூடாது, அப்படியே கீழே விட்டுவிட வேண்டும். விட்ட பிறகு குனிந்து பார்ப்பதும் குற்றம். மரியாதையாம். அந்த மரியாதையில் செத்த உடல்களோடு மேற்கடலின் சத்தெல்லாம் இறங்கிப் போய், கடலடியை ஆண்ட ஆழத்தானின் மடியில் மலையாகக் குவிந்தது. அவன் எதையும் திருப்பித் தரவில்லை.

மேலே பட்டினி. கண்ணுக்குத் தெரியாத பாசிகள்தான் எல்லோருக்கும் சோறு. வெயில் இருந்தது, சத்து இல்லை, அவை பெருகவில்லை. சாளை மீனின் குஞ்சுகள் வாடிச் செத்துக்கொண்டிருந்தன. அந்தத் தாய் ஒரு பாசியின் மேல் பாய்ந்தாள்.

"எம் புள்ளைங்க சாவுது, நீ சொகமா வெயில் காயுற."

"என்னை ஏன்க்கா திட்டுற? வெறும் வெயில வெச்சு எப்படிப் பெருக? திங்கிறதெல்லாம் கீழ கெடக்கு," என்றது பாசி.

கேட்டுக்கொண்டிருந்த நீரோட்டம் கீழே குரல் கொடுத்தாள். "ஆழத்தாரே, கொஞ்சம் மேல அனுப்புங்க. புள்ளைங்க பசியில கெடக்குதுங்க."

"விழுந்தது எனக்கு. நீங்கதான விட்டீங்க, திரும்பிக்கூடப் பாக்காம?"

"வந்து விழுந்தது எங்க அப்பன் ஆத்தா."

"இருக்கட்டுமே. அந்தப் பாசிக்கா கேக்குற? அது எங்க இருக்குன்னே தெரியலியே," என்று ஆழத்தான் சிரித்தான்.

அப்போது சாளையின் குஞ்சு ஒன்று செத்து, அவர்கள் நடுவே இறங்கியது. அவன் சிரிப்பை நிறுத்தாமலே கையை நீட்டி அதையும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டான்.

சொல்லும் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நீரோட்டம் ஓட்டத்தை விட்டாள். கீழே பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தை உடைத்து, குனிந்து அவனையே பார்த்தபடி ஒரே இடத்தில் சுற்றினாள். சுற்றச் சுற்ற நடுவிலிருந்த நீர் விலகியது. அடியிலிருந்து குளிர்ந்த நீர் அவன் மடியிலிருந்ததை அள்ளிக்கொண்டு மேலே ஏறியது.

"அது என்னுது," என்று கத்தினான்.

"எங்களுது," என்றாள். நிற்கவில்லை.

பாசிகள் தின்றன, பெருகின. நீர் பச்சையானது. சாளையின் மிச்சக் குஞ்சுகள் பிழைத்தன.

அன்று முதல்தான் நடுக்கடலில் நீர் சுழல்கிறது, சுழியின் நடுவில் பச்சை பிடிக்கிறது, மீன் அங்கே கூடுகிறது. ஆழத்தான் இன்றுவரை தானாக ஒரு பிடி கொடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கோபப்பட்டுத்தான் பிள்ளைகள் சாப்பிடுகின்றன.