நாற்பத்து மூன்று சவரிமுத்துகள்

"என் வீட்டுல ஓடுது. உங்ககிட்ட வந்தா மட்டும் செத்துப்போகுது. இது என்னம்மா அநியாயம்?"

பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி வந்து கேட்டார் சவரிமுத்து வாத்தியார். வயது ஐம்பத்தாறு.

இந்த வேலையில் அவருக்குக் குருவாக வாய்த்தவளுக்கு இருபத்தேழு. பெயர் பெனாசிர். ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு. யாரோ எழுதிய மென்பொருளை, யார் கம்ப்யூட்டரிலும் ஏறி ஓடும்படி பொதி கட்டிக் கொடுப்பாள். சம்பளம் கிடையாது. நன்றி சொல்ல நாதி கிடையாது. இதுவரை இருநூற்றுப் பதினொரு பொதிகள். நானாக இருந்தால் மூன்றாவதிலேயே கும்பிடு போட்டிருப்பேன்.

வாத்தியார் எழுதியது, தமிழ்ப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கும் புரோகிராம். கண் தெரியாத பிள்ளைகளுக்காக எழுதியது. வெள்ளிக்கிழமைக்குள் பொதியாக ஏறினால் லினக்ஸின் புதிய பதிப்போடு எல்லாப் பள்ளிக்கும் போகும். தவறினால் இன்னும் இரண்டு வருடம். அவருடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள்.

அன்று புதன்.

"முதல்ல உரிமம் எழுதலேன்னீங்க. எழுதினேன். உதவிக் குறிப்பு இல்லேன்னீங்க. அதையும் எழுதினேன். ஆறாவது தடவையா இப்ப ஓடலேங்கிறீங்க."

"நான் சொல்லலை சார். வெற்றுக் கம்ப்யூட்டர் சொல்லுது."

ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லாமல் தொடங்கும் கம்ப்யூட்டர் அது. அதில் ஓடினால்தான் பொதி உள்ளே போகும்.

"அதுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு," என்றார் வாத்தியார்.

பெனாசிர் ஆஸ்பத்திரி கேன்டீன் மேஜையில் தன் லேப்டாப்பைத் திறந்து நாலு வரி தட்டினாள்.

லேப்டாப் வாசிக்க ஆரம்பித்தது. "பாடம் ஒன்று. ஆற்றங்கரையில் ஒரு நாவல் மரம் நின்றது."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓடுதே! நான் சொன்னேம்லா! என்ன செஞ்சீங்க?"

"இதை உபயோகிக்கிற ஆளா சவரிமுத்துன்னு ஒருத்தரை உண்டாக்கினேன். அவர் பேர்ல ஃபோல்டர் வந்துச்சு. உங்க உச்சரிப்பு அகராதியை அதுக்குள்ள போட்டேன்."

"இவ்வளவுதானா? அப்ப அனுப்பிருங்க!"

"அனுப்பலாம் சார். கூடவே எல்லாப் பள்ளிக்கும் ஒரு லெட்டர் போடணும்."

"என்ன லெட்டர்?"

"கம்ப்யூட்டர்ல உட்காருற பிள்ளைங்க எல்லாரும் சவரிமுத்துன்னு பேர் மாத்திக்கணும்னு."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தார். அகராதி எங்கே? சவரிமுத்துவின் ஃபோல்டரில். குரல் எங்கே? சவரிமுத்துவின் ஃபோல்டரில். தன் முதுகு தனக்குத் தெரியுமா? எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று இடத்தில் அவர் பெயர்.

"அட ஆண்டவரே," என்றார்.

டீ வந்தது. ஆறியது. அவள் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

"என் பேரை எல்லா இடத்துலயும் எடுத்துட்டேன். அகராதி, குரல் எல்லாம் இனி பொதிக்குள்ளயே இருக்கும்."

வெற்றுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். இருவரும் காத்திருந்தார்கள். பதினேழு நிமிஷம்.

"பாடம் ஒன்று," என்றது அது.

வாத்தியார் சிரித்தார். பிறகு புரோகிராமில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். மனுஷன்தானே.

"ஏம்மா, தப்பா நெனைக்காதீங்க. மூணு வருஷ உழைப்பு. இப்ப எங்கயுமே என் பேர் இல்லையே."

"ஒரே ஒரு இடம் இருக்கு சார்."

பொதியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்து, காலியாக இருந்த ஒரு வரியைக் காட்டினாள்.

"என்னைக்காவது ஓடாமப் போச்சுன்னா யாரைத் திட்டணும்னு இங்க எழுதணும்."

வாத்தியார் தன் பெயரை எழுதினார். பெயரோடு ஈமெயில் மட்டும்தான் கேட்டது அந்த வரி. அவர் வீட்டு போன் நம்பரையும் சேர்த்து எழுதினார்.