ஆணி அடித்த திட்டிவாசல்

ஆதன் உள்ளங்கையால் தள்ளினான். கதவு திறக்கவில்லை.

கேளுங்கள், கோட்டைக்குள் ஊர் இருந்த காலம் அது. கோட்டையின் பெரிய கதவுக்குள் ஆள் குனிந்து போகிற சின்னக் கதவு ஒன்று இருக்கும். திட்டிவாசல் என்று பெயர். அந்த நாட்டில் யாரையும் இழுத்துப் போய்ப் படையில் சேர்ப்பதில்லை. விரும்பியவர்கள் வரலாம். புறப்படும் நாளில் மூன்று முறை முரசு அடிப்பார்கள். மூன்றாம் முரசுக்குள் மனம் மாறியவன் திட்டிவாசல் வழியாகப் போய்விடலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. அதன் பின் போனால் தலை இருக்காது.

இதுவரை ஒருவனும் போனதில்லை. வாசலுக்கு மேலே கல்லில் அப்படித்தான் வெட்டியிருந்தது.

ஆதனும் விரும்பி வந்தவன்தான். ஆனால் முந்தின நாள் ஊரிலிருந்து செய்தி வந்தது. கிணறு இடிந்து தம்பி இறந்துவிட்டான். இனி வீட்டில் கண் தெரியாத அப்பா மட்டும். இரண்டாம் முரசு அடித்ததும் ஆதன் கேடயத்தைத் தரையில் வைத்தான். மூவாயிரம் பேர் பார்க்க நடந்து போனான்.

"என்ன மச்சான், அடுப்பில பால் வச்சுட்டு வந்துட்டியா?" என்றான் வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கடம்பன். இரண்டு போர் பார்த்தவன். வரிசை சிரித்தது.

ஆதன் தோளால் தள்ளினான். திறக்கவில்லை.

"காலையில கஞ்சி குடிக்கலையா?" என்றான் கடம்பன் மறுபடியும்.

மூன்றாம் முறை முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி உந்தினான். சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்தது. அடியில் மூன்று ஆணித் தலைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். கதவையும் நிலையையும் சேர்த்து அடித்தவை.

சிரிப்பு நின்றது. முரசுக்காரன் ஓங்கிய கோல் அந்தரத்திலேயே நின்றது.

அரசன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். ஆணியைத் தொட்டான். விரலில் துரு ஒட்டியது.

"யார் அடித்தது?"

"தெரியாது அரசே," என்றான் வாயில்காவலன். "நான் வேலைக்கு வந்தப்பவே இப்படித்தான். எங்கப்பா காலத்திலேயும் இப்படித்தான். வருஷா வருஷம் சுண்ணாம்பு பூசச் சொல்வாங்க, பூசுவேன்."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"யாரும் கேட்டதில்லையே."

அரசன் தலையைத் தூக்கிக் கல்லெழுத்தைப் பார்த்தான். ஒரே ஒரு வரிதான். 'இதுவரை ஒருவனும் போனதில்லை.'

"ரெண்டு போரு," என்றான் கடம்பன், யாரிடம் என்று இல்லாமல். ஆணித் தலைகளையே பார்த்தான். "நானாத்தான் நின்னேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

தளபதி அரசன் காதருகே குனிந்தான். "எதிரி இரண்டு நாள் தூரத்தில் இருக்கிறான். மூன்றாம் முரசை அடிக்கச் சொல்லுங்கள். கதவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

ஆதனுக்கும் அது கேட்டது. அவன் அரசன் வாயையே பார்த்தான்.

"கொல்லனைக் கூப்பிடு," என்றான் அரசன்.

முதல் ஆணி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பாதியில் முறிந்தது. கதவு மாடு கத்துவது போலக் கத்தித் திறந்தது. ஆதன் குனிந்து வெளியே போனான்.

நண்பகல் வரை மூன்றாம் முரசு அடிக்கவில்லை. தயங்கித் தயங்கி எழுபது பேர் போனார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடம்பனும் வாசல் வரை போனான். குனிந்து தலையை வெளியே நீட்டினான். ஒரு மண்பாதை, இரண்டு ஆடுகள், வெயில். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

போக வழி திறந்திருந்தும் போகாமல் நிற்பவனைத்தான் விரும்பி நிற்பவன் என்று சொல்ல முடியும்.

முரசு அடிப்பதற்குள் கடம்பன் வரிசைக்குத் திரும்பி வந்தான். ஆதன் விட்டுப் போன கேடயத்தை எடுத்து மண்ணைத் துடைத்தான். சுவரோரம் சாய்த்து வைத்தான். பிறகு ஓரடி நகர்ந்து ஆதன் நின்ற இடத்தில் நின்றான்.