ஹெட் ஆபீஸ் கேட்ட பாஸ்வேர்டு

போன வாரம் யாரோ ஒருவரின் செல்போன் வழியாக ஆபீஸின் வாடிக்கையாளர் பட்டியல் திருடு போயிருந்தது. மேனேஜர் தணிகாசலம், மேசை துடைக்கும் மரகதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் எவன் செல்லையோ நோண்டியிருக்கே."

"நான் தொடலீங்கய்யா."

"அப்போ எந்தச் செல்லையும் தொடாம, சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கண்டுபிடி. இல்லாட்டி நாளைக்கு வராதே."

மரகதம் மேசை மேசையாகப் போய், "ஹெட் ஆபீஸ்லேர்ந்து உங்க செல்லு பாஸ்வேர்டு கேக்குறாங்க" என்றாள். முப்பது பேரும், "யாரு கேட்டா? உனக்கெதுக்கு?" என்று விரட்டினார்கள்.

கடைசியில் மேனேஜர் அறைக்குள் தலையை நீட்டி அதையே சொன்னாள்.

ஹெட் ஆபீஸ் என்றதும் தணிகாசலம் எழுந்தே நின்றுவிட்டார். "தணிகை ஒன் டூ த்ரீ. உடனே சொல்லிடு!"

"யாரும் கேக்கலீங்கய்யா, நானாத்தான் கேட்டேன். போன வாரமும் இப்படி யாராச்சும் கேட்டாங்களா?"

அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் சுவரில் கண்ணாடி போட்ட அறிவிப்பு: 'யார் கேட்டாலும் பாஸ்வேர்டு சொல்லக் கூடாது.' கீழே தணிகாசலத்தின் கையெழுத்து. மரகதம் அதைத் தினமும் பளபளவென்று துடைத்துவைத்தாள்.