தக்காளிப் பதம்

“காலேஜ் முடிச்சுட்டு வர்ற புள்ளைங்களுக்கு ஏனுங்கம்மா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது?”

உட்காருவதற்கு முன்பே சென்னியப்பன் கேட்டுவிட்டார்.

பச்சைநாயகி அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார். அவர் நடத்துகிற மடத்தில் பூஜை வருகிறது. வருகிறவர்களுக்கு அதிரசம் கொடுப்பது வழக்கம்.

அம்மா சென்னியப்பனைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் தொழிலில் ஒரு அடி விழுந்தால் சென்னியப்பன் திருப்பூரிலிருந்து இந்த மலையடிவாரத்துக்குத்தான் காரைத் திருப்புவார்.

“எந்தப் புள்ளை?” என்றார் அம்மா.

அவ்வளவுதான். கொட்டித் தீர்த்துவிட்டார்.

அவருடைய சாயப்பட்டறையில் கோகிலவாணி என்று ஒரு பெண். ஜவுளிப் படிப்பில் பட்டம். மார்க்கைப் பார்த்தால் யாருக்கும் கண் விரியும். கலரைக் கொஞ்சம் தூக்கு என்று சொன்னார். அவள் வெளுக்க வைத்துவிட்டாள். ஒரு லோடு துணி பாழ். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது அவளுடைய அப்பா போன் செய்து போன் செய்து அழுகிறார். வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறதாம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாகச் சென்னியப்பன் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இவள் மட்டுமில்லை, முன்னால் வந்ததுகளும் இப்படித்தான் என்றார். முதலாளிகள் சங்கத்தில் எல்லோரும் பாடுவது இதே பாட்டு. காலேஜிலிருந்து வேறு கூப்பிட்டார்களாம், எங்கள் மாணவர்களின் வேலை உங்களுக்குத் திருப்தியா என்று. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாராம்.

“சேத்துக்கட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கம்மா.”

அம்மா அதைச் சொல்லவில்லை. அடுப்பைக் காட்டினார். வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

“தக்காளிப் பதம் வந்ததும் இறக்கிடுங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்கம்மா.”

பொய். ஒரு மண்ணும் புரியவில்லை. அவர் வாழ்நாளில் கரண்டி பிடித்தவர் இல்லை.

கேட்டிருக்கலாம். அம்மா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆனால் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டறை முதலாளிக்குப் பாகு இறக்கத் தெரியாதா என்று நினைப்பார்கள். அதனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரொம்பத் தெரிந்தவர் மாதிரி கிண்ட ஆரம்பித்தார்.

தக்காளி என்றால் சிவப்பு. சாயக்காரருக்கு வேறென்ன தோன்றும்? பாகு சிவக்கட்டும் என்று காத்திருந்தார்.

பாகு பழுப்பானது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தார். கறுத்தது. அப்போதும் விடவில்லை. புகை கிளம்பியது.

ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலாளி பட்டறையையே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், அடுத்து வாய்க்காலில் கலர் கலராய்த் தண்ணீர் ஓடும் என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அம்மா வந்து சட்டியை இறக்கினார். திட்டவில்லை. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் பழுத்த தக்காளி மாதிரி மெத்தென்று அமுங்க வேண்டும், அதுதான் தக்காளிப் பதம் என்றார்.

“நான் கலர்னு நெனச்சுட்டனுங்க.”

“கேக்கலையே?”

“எல்லாரும் இருந்தாங்க. கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு...”



அம்மா கருகிய சட்டியில் தண்ணீரை ஊற்றினார். சுர்ரென்றது.

“அந்தப் புள்ளையும் கேக்கலையா?”

சென்னியப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

கேட்டாள்.

தூக்குவது என்றால் அடர்த்தியாக்கணுமா, வெளுப்பாக்கணுமா சார் என்று, மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இருக்கும்போது வந்து நின்று கேட்டாள். இத்தனை வருஷம் காலேஜில் என்னத்தைக் கிழித்தாய் என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் காது வரைக்கும் சிவந்துபோனது. அப்புறமும் ஒரு தடவை இவர் அறை வாசலுக்கு வந்தாள். இவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போ என்று கையைக் காட்டினார். போனாள்.

இதில் ஒரு வார்த்தையையும் அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. சட்டியைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

சென்னியப்பன் வெளியே வந்தார். செருப்பைக்கூடப் போடவில்லை. அவளுடைய அப்பாவுக்குப் போட வேண்டிய போனை அந்தப் பெண்ணுக்கே போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“நாளைக்கு வேலைக்கு வந்துரு கண்ணு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அன்றைக்கு நீ கேட்டது சரிதான், நான்தான் ஒழுங்காகச் சொல்லவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

“வர்றனுங்க சார். இனிமே எதையுமே கேக்க மாட்டனுங்க சார்.”