மூன்று கற்கள்

"தாயே, தியானத்தில் உட்கார்ந்தால் மனம் அடங்கவில்லை," என்றார் தணிகாசலம்.

"என்ன வருகிறது?"

"காடு. தேன்மேட்டுப்பதியில் பதினோரு குடிசை. பிரித்துப் போட்டோம்."

தணிகாசலம் வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவகாமி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மூன்று வருஷமாக அவர் காலடியில்தான் தணிகாசலம் சீடராக உட்கார்ந்திருந்தார்.

"மேலிடத்து உத்தரவு, தாயே. நானாகச் செய்யவில்லை."

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாருங்கள்."

இரண்டு பஸ் மாறினார்கள். மலையடிவாரத்தில், பழங்குடிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுகிற அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிகள் கிடையாது. மண் பூசிய குடிசைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் நிஜ மனிதர்கள். காலையில் வந்து கூடை முடைந்து, தேனெடுக்கும் கயிறு திரித்துக் காட்டிவிட்டு, சாயங்காலம் காலனிக்குத் திரும்புகிறவர்கள்.

மூன்றாவது குடிசையில் ஒரு பெண் மூங்கில் கூடை முடைந்துகொண்டிருந்தாள்.

"நிஜமாவே இதுலதான் இருக்கீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அஞ்சு மணி வரைக்கும்," என்றாள்.

வாசலில் சிறு பலகை. 'நஞ்சி. பூர்வீகம்: தேன்மேட்டுப்பதி.'

தணிகாசலத்தின் கால் நின்றுவிட்டது.

"அந்த ஊர்தானே?" என்றார் அம்மை. "உத்தரவு உங்களுடையது இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள்."

தணிகாசலம் நஞ்சியின் எதிரே தரையில் உட்கார்ந்தார். உத்தரவு என்ற சொல் வாயில் வரவில்லை.

"அம்மா, அன்னைக்கு ரேஞ்சரா வந்தது நான்தான். மன்னிச்சிரும்மா."

நஞ்சி நிமிர்ந்து பார்த்தாள். கை முடைந்துகொண்டே இருந்தது.

"மொகம் ஞாபகம் இல்லைங்க சார். எல்லாரும் காக்கிதான் போட்டிருந்தீங்க."

பிறகு மெல்லக் கேட்டாள்.

"எங்கம்மாளைப் பொதைச்ச எடத்துல மூணு கல்லு நட்டிருந்தோம். அத்தி மரத்தடியில. எங்களை உள்ள விடமாட்டேங்கறாங்க. நீங்க அங்கயே இருந்தவரு. கல்லு இருக்குதுங்களா?"

'இருக்கு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் முகம் தெளியும். தானும் எழுந்து போய்விடலாம்.

தணிகாசலம் அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை கீழே கிடந்த மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றார். "செக்போஸ்ட்டுக்குப் படி கட்டுனப்போ கல்லு பத்தல. மேலருந்து யாரும் சொல்லல. நான்தான் அதை எடுத்து வைக்கச் சொன்னேன்."

நஞ்சியின் கை நின்றது.

ஒரு குடும்பம் வந்தது. செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டது. அடுத்த குடிசைக்குப் போனது.

"அந்தப் படியில இப்பவும் ஆளுங்க ஏறுறாங்களா?"

"ஏறுறாங்க."

மடியிலிருந்த பாதிக் கூடையைத் தரையில் வைத்தாள்.

"எத்தனாவது படிங்க, சார்?"