காக்கையிடம் மிஞ்சிய சொல்

மரமும் பறவையும் மனிதரும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றங்கரையில் பெரிய மரக்கூட்டம் ஒன்று இருந்தது. மருதும் இலுப்பையும் நாவலும் அத்தியும் நெருங்கி வளர்ந்து, உச்சி வெயில்கூடத் தரையைத் தொட முடியாத இடம். நடுவில் கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று. அந்த இடத்துக்கு அப்போது பெயர் கிடையாது.

அங்கே ஒரு பறவை வாழ்ந்தது. உடம்பெல்லாம் வெளிர் சாம்பல் நிறம், கணீரென்ற குரல். அது முட்டையை உடைத்து வெளியே வந்ததும் தாய் அதற்கு வைத்த பெயர் கா. அந்தப் பெயருக்கு அன்று எந்தப் பொருளும் இல்லை. கூப்பிட எளிது, அவ்வளவுதான். எந்தக் கூட்டில் யார் குஞ்சு பொரித்திருக்கிறார்கள், எந்தப் புதரில் பாம்பு சுருண்டு கிடக்கிறது என்பதெல்லாம் காவுக்குத் தெரியும். இரை தேடப் போகும் தாய்ப்பறவைகள், "கா, கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். பருந்து வந்தால் கா அதன் முதுகிலேயே ஏறிக் கொத்தி விரட்டும்.

ஒரு முறை மழை பொய்த்தது. ஆறு மணலாகிவிட்டது. அக்கரையிலிருந்த ஊரில் கிணறுகள் வறண்டு, மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்து விழுந்தன. ஊர்த் தலைவன் செம்பூதன் தன் அக்கா கொற்றியையும் நடக்கத் தெம்பிருந்த சிலரையும் அழைத்துக்கொண்டு மரக்கூட்டத்துக்கு வந்தான். கா தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது.

"எதற்கு வந்தீர்கள்?"

"தண்ணீருக்கு" என்றான் செம்பூதன். "ஊரில் குழந்தைகள் நாக்கு வறண்டு கிடக்கின்றன. நீ மறுத்தால் திரும்பிப் போகக்கூட எங்களுக்குத் தெம்பில்லை."

"மறுப்பதற்குத் தண்ணீர் என்னுடையது இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பழமும் விழுந்த கிளையும்கூட உங்களுக்குத்தான். பச்சை மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தில் தீ மூட்டாதீர்கள்."

செம்பூதன் ஊற்று நீரில் கையை வைத்து, அப்படியே நடப்பதாகச் சத்தியம் செய்தான்.

தண்ணீர்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க அவர்களால் முடியவில்லை. கா ஒரு விழுந்த கிளையைக் காட்டி, அதைத் தோளில் வைத்து இரு முனையிலும் குடங்களைக் கட்டிக்கொள்ளச் சொன்னது. சுமை பாதியானதுபோல் இருந்தது. "இது கா தந்தது. இதையும் கா என்றே கூப்பிடுவோம்" என்றாள் கொற்றி. சுமக்கும் கம்புக்கு அந்தப் பெயர் வந்தது. நாளடைவில் மரக்கூட்டத்தையும் ஊரார் கா என்றார்கள். "காவுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வருகிறேன்" என்று பேசிக்கொண்டார்கள். வெளியே போகிறவள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "நான் வரும்வரை கன்றைக் கா" என்றாள். அந்தப் பறவை செய்வதுபோல் நீயும் காப்பாற்று என்பது பொருள். தன் பெயர் ஊர் முழுக்கப் புழங்குவதைக் கேட்டுப் பறவைக்குச் சந்தோஷம்.

பிறகு மழை வந்தது. கிணறுகள் நிரம்பின. ஊரார் ஆற்றைத் தாண்டி வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

செம்பூதன் மட்டும் ஒரு நாள் வந்தான். ஊற்றுப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். காலங்காலமாக இலை விழுந்து மக்கிய கறுப்பு மண். ஊருக்குத் திரும்பியதும் கூட்டம் போட்டான். "அந்த இடத்தைத் திருத்தி நெல் போடுவோம். வெட்டினால் மாதக் கணக்காகும். கொளுத்திவிடலாம்."

கொற்றி எழுந்தாள். "தம்பி, தண்ணீரில் கை வைத்து நீ சொன்ன சொல் என்ன ஆயிற்று?"

"அப்போது தாகம், அக்கா. தாகத்தில் சொன்னதெல்லாம் ஒரு பேச்சா?"

கூட்டத்திலிருந்தவர்கள் அவரவர் தமக்கு எந்தப் பக்கத்து நிலம் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கொற்றி சொல்லித்தான் பறவைக்கு விஷயம் தெரிந்தது. உடனே செம்பூதன் வீட்டு முற்றத்துக்குப் பறந்து வந்தது.

"செம்பூதா, கூடுகளெல்லாம் நிறைந்திருக்கின்றன. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. அவை பறக்கும்வரையாவது பொறு."

"பொறுத்தால் விதைப்பு தப்பிவிடும்."

"உன் ஊரார் என் பெயரைச் சொல்லிக் கன்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். என் பெயரைத் தோளில் வைத்துச் சுமக்கிறார்கள்."

செம்பூதன் சிரித்தான். "உன் பெயரா? கா என்றால் இந்த ஊரில் சுமக்கும் கம்பு. கா என்றால் அதோ தெரிகிற மரங்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். அது எங்கள் சொல்லாகிவிட்டது. உன்னை இங்கே யாருக்கு ஞாபகம் இருக்கிறது?"

மறுநாள் உச்சிப்பொழுதில், காற்று ஓங்கி வீசும் நேரம் பார்த்து, செம்பூதன் தன் கையாலேயே தீ வைத்தான். தாய்ப்பறவைகளெல்லாம் இரைக்குப் போயிருந்தன. கா மட்டும் இருந்தது. புகைக்குள் புகுந்து ஒரு குஞ்சைத் தூக்கி வந்து ஆற்று மணலில் போட்டது. திரும்பப் போய் இன்னொன்றைத் தூக்கி வந்தது. மூன்றாம் முறை நுழைந்தபோது எரிகிற கிளை மேலே விழுந்தது. நெருப்புக் காற்று தொண்டைக்குள் இறங்கிவிட்டது. வெளியே வந்தபோது அதன் உடம்பு கரியாக இருந்தது. அதற்குத் தெரிந்திருந்த அத்தனை சொற்களும் தொண்டையில் பொசுங்கிப் போயிருந்தன. தாய் வைத்த பெயர் ஒன்றுதான் மிஞ்சியது.

அக்கரையில் ஊரார் கூடி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறவை அவர்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து அந்த ஒரு சொல்லைக் கத்தியது. கா. கா. கா.

"தன் பெயரைச் சொல்லி அழுகிறது, பாவம்" என்றாள் ஒருத்தி.

"கம்பைக் கேட்கிறதோ?" என்று ஒருவன் தோளிலிருந்த கம்பை எடுத்துக் கீழே போட்டான்.

"கா எரிகிறது என்கிறது. அதுதான் நமக்கே தெரிகிறதே" என்றான் மற்றொருவன்.

உண்மையில் அவர்கள் எல்லாருக்கும் புரிந்தது. கன்றை ஒப்படைக்கும்போது தினமும் வாயில் வரும் சொல்தானே அது? ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால், தமக்கு வேலை வைக்காத பொருளைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று மனிதர்கள் கற்றுக்கொண்ட நாள் அது.

கொற்றி ஒருத்திதான் கீழே கிடந்த கம்பை எடுத்தாள். குடங்களைக் கட்டி, ஆற்றில் மொண்டு, தீயை நோக்கி ஓடினாள். ஊற்றினாள். திரும்ப வந்து மொண்டாள். ஒரு மனுஷியால் என்ன ஆகும்? வெயில் தாழ்வதற்குள் எல்லாம் சாம்பல். இரையோடு திரும்பிய தாய்ப்பறவைகள், இறங்க இடமில்லாமல் வானத்திலேயே வட்டமிட்டன.

கா ஒரு கரிந்த அடிமரத்தில் உட்கார்ந்திருந்தது. கொற்றி பக்கத்தில் போய், முந்தானையை நனைத்து அதன் கழுத்தைத் துடைத்தாள். கரி நீங்கிச் சாம்பல் நிறம் தெரிந்தது. முதுகைத் துடைக்கப் போனபோது பறவை வெடுக்கென்று விலகிக்கொண்டது.

"பொறுத்துக்கொள்" என்றாள் கொற்றி.

பறவை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. பிறகு பறந்துவிட்டது. அது பொறுத்துக்கொள்ளவில்லை.

அந்த நிலத்தில் நெல் நன்றாகவே விளைந்தது. செம்பூதன் மேல் இடி விழவில்லை, நோய் வரவில்லை. வானம் அவனைத் தண்டிக்காது என்று தெரிந்ததும் பறவை தானே வந்தது. அவன் முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்தியது. கையில் வைத்திருக்கும் தின்பண்டத்தைப் பறித்தது. விடிந்ததும் அவன் கூரையில் உட்கார்ந்து கத்தியது. அவன் கல்லெறிந்தான். அது தன் இனத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. எரிந்த மரங்களின் கரியில் அடைந்து அவற்றின் இறகும் கறுத்திருந்தது.

"அக்கா, நீ சொன்னால் கேட்கும். வேறெங்காவது போகச் சொல்" என்றான் செம்பூதன்.

"அதன் வீட்டில் நாம் நெல் விதைத்திருக்கிறோம். அது எங்கே போகும்?"

புதுநெல்லைக் குத்திச் சமைத்த அன்று செம்பூதன் இலை முன்னால் உட்கார்ந்தான். கொற்றி முதல் பிடிச் சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"வீட்டுக்காரன் சாப்பிடும் முன்பு பறவைக்கா?" என்று அவன் சத்தம் போட்டான்.

"வீட்டுக்காரர் அதுதான்" என்றாள் கொற்றி, திரும்பிப் பார்க்காமல். சோற்றைச் சுவர் மேல் வைத்தாள்.

பறவை வந்தது. தன் இனத்தை அழைத்தது. எல்லாம் சேர்ந்து தின்றன. கொற்றி கையை நீட்டினாள். அது அந்தக் கையில் உட்காரவில்லை. நன்றி என்று தலையாட்டவும் இல்லை. தனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிற்று.

காக்கையின் உடம்பு கறுத்து, கழுத்து மட்டும் சாம்பலாக நின்றதும், வீட்டில் யாரும் உண்ணும் முன்பு அதற்கு ஒரு பிடி சோறு வைப்பதும் அப்படி வந்தவைதான். எத்தனை தலைமுறை சோறு வைத்தாலும் அது நம் கைக்குப் பழகுவதில்லை. சுவரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்த்து, அந்த ஒரு சொல்லைத்தான் இன்னும் கத்துகிறது. நாமோ அண்ணாந்து பார்த்து, விருந்தாளி வரப்போகிறார் என்கிறோம்.